611 நாளும் ஒரு டைம்பீஸும்

அப்பாவ ஐசியூல வச்சிருந்த மூணாவது நாள் ராத்திரி, மணி 11:52. நேரம் எனக்கு இவ்வளவு கரெக்டா ஞாபகம் இருக்குறதுக்குக் காரணம் அப்பா இல்ல, அதத்தான் சொல்ல வர்றேன். வெளிய வராண்டாவுல இரும்பு சேர்ல உக்காந்திருக்கேன், பக்கத்துல அம்மா முந்தானைய தலைல போட்டுக்கிட்டு கண்ண மூடி உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க, அப்போ என் போன் ஒரு தடவ அதிருது. இன்னும் கொஞ்ச நேரம் தான் இருக்கு, உங்க தொடர் வாசிப்ப விட்டுறாதீங்கன்னு மெசேஜ். நான் பதறிப்போயி வசன ஆப்ப திறந்து, அன்னைக்கு உள்ள வசனத்த கண்ணால கூட பாக்காம ஒரு தட்டு தட்டி, பச்சை டிக் விழுந்த பிறகு தான் மூச்சு விட்டேன். ஒரு நாளும் விடாம வாசிச்சதா ஆப் எண்ணி வச்சிருக்குற கணக்கு, 611 நாள். காப்பாத்தியாச்சு.

அன்னைக்கு என்ன வசனம்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மா கண்ண திறந்து "யாருட்டி போன்ல?"ன்னாங்க. "ஒண்ணுமில்லம்மா, பைபிள்"னு சொன்னேன். பொய்யும் இல்ல பாருங்க. "அப்போ எனக்கும் கேக்க மாதிரி வாசி"ன்னுட்டாங்க. திரும்ப திறக்கக் கை கூசுச்சு, போன மடியில கவுத்திப் போட்டுட்டு மனப்பாடமா தெரிஞ்ச சங்கீதம் 91 சொன்னேன். சண்டே ஸ்கூல்ல பரிசுக்காகப் படிச்சது, முப்பது வருஷம் கழிச்சு அந்த வராண்டாவுல உதவுச்சு.

அதுக்கு நாலு நாள் கழிச்சு அப்பா கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாங்க. ஊருக்குக் கொண்டு போயி, தூத்துக்குடி மாவட்டத்துல நாசரேத் பக்கம் எங்க கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டு, வந்தவங்களுக்கெல்லாம் காபி குடுத்து அனுப்பிட்டு நான் படுக்கையில விழுந்தப்போ மணி ஒண்ணு ஆயிருந்துச்சு. காலைல பாத்தா அந்த நம்பர் 0. அதுக்கும் எனக்கு மனசு சுருக்குன்னுச்சு. அப்பாவ மண்ணுல வச்சிட்டு வந்த மறுநாள் காலைல. இத எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா எழுதலைன்னா மீதி எதையும் எழுத முடியாது.

இதுல கூடுதல் கேவலம் என்னன்னா, என் பொழைப்பே அது தான். நான் ஒரு ஷாப்பிங் ஆப்ல வேலை பாக்குறேன், ரிட்டென்ஷன்னு ஒரு டீம், அதாவது வந்த ஆள போக விடாம வச்சிக்கிறது. மூணு நாளா ஆப்ப திறக்காதவங்களுக்கு என்ன வரி அனுப்புனா திறப்பாங்க, சிவப்புப் புள்ளி எந்த ஓரத்துல இருந்தா கண்ண உறுத்தும், நம்பர் ஏறிக்கிட்டே போற மாதிரி ஒண்ணக் குடுத்துட்டு அத இழந்துருவோமோன்னு பயம் காட்டுனா எத்தன பேர் திரும்ப வருவாங்க, இதெல்லாம் சோதிச்சுப் பாக்குறது தான் எங்க நாள். இத்தனையும் தெரிஞ்ச நானே 611 நாள் அந்த நம்பருக்காக பைபிள் திறந்திருக்கேன்னா, தெரியாதவங்கள என்ன சொல்றது. அந்த ஆப் செஞ்சவங்க மேல எனக்கு கோவம் இல்ல, நல்ல எண்ணத்துல தான் செஞ்சிருப்பாங்க. ஆனா ஷாப்பிங்குக்கு வச்ச அதே தூண்டில்ல வேத வசனத்த மாட்டுனா, மீன் கடிக்கிறது வசனத்தையா தூண்டிலையான்னு யாராச்சும் கேக்கணும்ல.

சர்ச்சுல இதப் பத்திப் பேச்சு வந்தா ஒரு கத்தி கண்டிப்பா வரும். "தொழில்நுட்பம் ஒரு கத்தி மாதிரி பிரியமானவர்களே, அத வச்சு காய்கறியும் வெட்டலாம், கழுத்தையும் வெட்டலாம்". வாலிபர் கூடுகை, லேடீஸ் ரிட்ரீட், கன்வென்ஷன்னு இந்தக் கத்திய நான் கேக்காத மேடை இல்ல. எனக்கு அதுல ஒரே ஒரு சந்தேகம் தான். எங்க வீட்டுக் கத்தி ராத்திரி பதினோரு மணிக்கு சமையக்கட்டுல இருந்து "என்னட்டி, உன்னைய ரெண்டு நாளா காணோமே"ன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. வெட்டி முடிச்சா கழுவி வச்சிரலாம். வெட்ட வெட்ட தக்காளி வந்துகிட்டே இருக்குற கத்திய யாரும் செய்யல. போன் அப்படிப்பட்ட கத்தி, செஞ்சவங்களுக்கு என் நேரத்துல இருந்து காசு வரணும், அதனால அதுக்கும் ஒரு ஆசை இருக்கு. பயன்படுத்துறவன் கையில தான் எல்லாம் இருக்குன்னு சொல்றது பாதி தான் உண்மை.

உடனே போன தூக்கிப் போட்டுட்டு ஓலைச்சுவடிக்குப் போவோம்னு சொல்ற ஆள் நான் இல்ல, சொன்னா அது நன்றி கெட்டத்தனம். தமிழ்ல நம்ம விசுவாசமே மெஷின் ஏறி வந்தது தானே. 1578ல கொல்லத்துல அன்றிக் அடிகளார்னு ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் அச்சடிச்ச தம்பிரான் வணக்கம்ங்கிற வேதபாடப் புக்கு, மொத்தமே 16 பக்கம், முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக அடிச்சது. இந்திய மொழி ஒண்ணு தன் சொந்த எழுத்துல அச்சேறி, இன்னைக்கும் கையில இருக்குற முதல் புக்கு அது தான். அப்புறம் சீகன்பால்க்னு ஒரு ஜெர்மன் மிஷனரி, 1706 ஜூலைல தரங்கம்பாடில வந்து இறங்குனவர். ஜெர்மனில ஹாலேல இருந்து வார்த்து அனுப்புன தமிழ் எழுத்து ரொம்பப் பெருசா இருந்துச்சு, அத வச்சு அடிச்சா காகிதம் பத்தாது, அதனால இங்கிலாந்துல இருந்து வந்த சீஸ் டப்பாவோட ஈயத்த உருக்கி சின்ன எழுத்தா வார்த்துக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. 1715ல புதிய ஏற்பாடு முழுசா முடிஞ்சது. நாலு வருஷம் கழிச்சு 36 வயசுல மனுஷன் போயிட்டார். எங்க ஆச்சி எழுத்துக் கூட்டி வாசிக்கக் கத்துக்கிட்டதே பைபிள்ல தான், அதுவும் ரோஸ் கலர் பென்சில்ல கோடு போட்டுப் போட்டு. அந்த ஈயம் இல்லைன்னா ஆச்சி கையில பென்சில் ஏது.

ஆனா அச்சு மெஷினும் ஒண்ணும் பரிசுத்தவான் இல்ல. கூட்டன்பர்க் பைபிள் அடிச்சார்னு எல்லாருக்கும் தெரியும், அதே காலத்துல, 1454, 55லயே, பாவமன்னிப்புச் சீட்டும் அதே தொழில்ல தான் கட்டுக்கட்டா அச்சாச்சு, பேரும் தேதியும் மட்டும் காலியா விட்டு, காசு குடுத்தா எழுதிக்கலாம்ங்கிற மாதிரி. அறுபது வருஷம் கழிச்சு 1517ல மார்ட்டின் லூத்தர் அந்தச் சீட்டு வியாபாரத்த எதிர்த்து எழுதுன 95 வாக்கியத்த ஊர் ஊரா பரப்புனதும் அச்சு தான். வியாதிக்கும் மருந்துக்கும் ஒரே கடை. அதனால புது மெஷின் வந்த உடனே எழுப்புதல் வந்துருச்சுன்னு ஆடுறவங்களையும், அந்திக்கிறிஸ்து வந்துட்டான்னு அலறுறவங்களையும் பாத்தா எனக்கு ஒரே மாதிரி தான் தெரியுது. பைபிள் கடைசிப் புக்குல மிருகத்தோட நம்பர்னு 666 வரும்ல, செல்போன்ல 666, பார்கோடுல 666, ஆதார்ல 666, தடுப்பூசில 666, எங்க சித்தப்பா எதையும் விட்டு வைக்கல. இதெல்லாத்தையும் அவுக எங்களுக்கு அனுப்புனது வாட்ஸ்அப்புல தான், அதுல மட்டும் 666 இல்ல போல.

சித்தப்பாவ சொல்லிட்டேன், அந்த ஃபார்வர்ட பத்தியும் சொல்லிடறேன். "அவசர ஜெபக் குறிப்பு, ஆப்கானிஸ்தான்ல 22 மிஷனரிகள நாளைக்கு மதியம் கொல்லப் போறாங்க, 20 பேருக்கு அனுப்புங்க". நீங்களும் பாத்திருப்பீங்க, நான் ஒரு நாலஞ்சு தடவ பாத்திருக்கேன், எஸ்எம்எஸ் காலத்துல ஒண்ணு, வாட்ஸ்அப்புல மீதி. உண்மைல நடந்தது 2007 ஜூலைல, தென்கொரியாவுல இருந்து போன 23 பேரத் தாலிபான் கடத்துனாங்க, ரெண்டு பேரக் கொன்னுட்டாங்க, மத்தவங்க எல்லாரும் ஆகஸ்ட் முடியறதுக்குள்ள விடுதலை ஆயிட்டாங்க. அந்தக் கதை முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆகியும் நாளைக்கு மதியம் வரவே இல்ல, ஃபார்வர்ட் மட்டும் வந்துகிட்டே இருந்துச்சு. நான் இத குரூப்புல எடுத்துச் சொன்னப்போ ஒரு அத்தை சொன்னாங்க, "ஜெபம் பண்றது நல்லது தானேம்மா, உண்மையா இருந்தா என்ன பொய்யா இருந்தா என்ன". எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. செத்துப்போன அந்த ரெண்டு பேர் பேரு நம்மள்ல ஒருத்தருக்கும் தெரியாது, இல்லாத 22 பேருக்கு அழுதுட்டு இருக்கோம், பத்து கட்டளைல பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு இருக்கே, ஃபார்வர்ட் பட்டனுக்கு மட்டும் விதிவிலக்கான்னு டைப் பண்ணி, அப்புறம் அழிச்சிட்டேன். குடும்ப குரூப். பொங்கலுக்கு மூஞ்சில முழிக்கணும்.

லாக்டவுன்ல தான் எனக்கு இதோட ரெண்டு பக்கமும் தெரிஞ்சது. 2020 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. வாழ்க்கைல முதல் தடவ கோயில் பூட்டியிருக்கு. யூடியூப்ல ஆராதனை, டிவில கனெக்ட் பண்ணேன். நான் நைட்டியோட சோபால கால மடக்கி, கையில டீ. அம்மா குளிச்சு, வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு, பாமாலை புக்கு எடுத்துட்டு டிவி முன்னாடி மரச்சேர போட்டு உக்காந்தாங்க. விசுவாசப் பிரமாணம் வந்ததும் எந்திரிச்சு நின்னாங்க. ஹால்ல தனியா. டிவிய பாத்து. நான் சிரிச்சிட்டேன், "யாரும்மா பாக்கப் போறா"ன்னு கேட்டேன். "யாரும் பாக்கணும்னு தான் இத்தன நாளும் நின்னேனாட்டி?"ன்னாங்க. டீய கீழ வச்சிட்டு நானும் நின்னேன்.

ஆனா அதே அம்மா தான் ஜூன் மாசம் ஆனப்போ "எனக்கு இது ஒத்துக்கல"ன்னு அழுதாங்க. திருவிருந்து இல்ல. கோயில் வாசல்ல கைய புடிச்சு "நல்லா இருக்கியா"ன்னு கேக்க ஆள் இல்ல. பக்கத்து பெஞ்ச் அக்கா பாமாலைய ராகம் தப்பிப் பாடுறது இல்ல. அந்தத் தப்பு ராகத்தக் கேக்காம தனக்கு சரி ராகமே மறந்து போச்சுன்னாங்க. யோவான் ரெண்டாம் நிருபத்துல, மொத்தம் 13 வசனம் தான், கடைசில ஒரு வரி இருக்கு: எழுத நிறைய இருக்கு, ஆனா காகிதத்தினாலும் மையினாலும் எழுத எனக்கு மனதில்லை, "முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருக்கிறேன்"னு. காகிதமும் மையும் தான் அன்னைக்கு டெக்னாலஜி. அத வச்சே தான் அத எழுதியும் இருக்கார்! எழுதவும் செய்யணும், இது பத்தாதுன்னு அதுலயே எழுதவும் செய்யணும். செப்டம்பர் 1 கோயில் திறந்ததும் அம்மா முகத்துல மாஸ்க்கோட கிளம்புனாங்க பாருங்க, எழுபது வயசுன்னு சொல்ல முடியாது.

நாலாம் நூற்றாண்டுல எகிப்து வனாந்தரத்துல எவாக்ரியுஸ்னு ஒரு துறவி இருந்தார், மனுஷ மனசுல என்னென்ன கெட்ட எண்ணம் எப்படி எப்படி வரும்னு எழுதி வச்சவர். அதுல ஒண்ண அவர் மத்தியானப் பிசாசுன்னு சொல்றார், நான் அன்னைக்கு வராண்டாவுல சொன்ன 91ஆம் சங்கீதத்துல "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்"னு வருதே, அதுல இருந்து எடுத்தது. அது வந்துச்சுன்னா என்ன ஆகும்னா, துறவிக்கு சூரியன் நகராத மாதிரி தெரியும், ஒரு நாளு ஐம்பது மணி நேரம் மாதிரி இருக்கும், அடிக்கடி ஜன்னலப் பாப்பார், வெளிய வந்து சாப்பாட்டு நேரம் ஆச்சான்னு வானத்தப் பாப்பார், எவனாச்சும் பேச வர்றானான்னு அங்கயும் இங்கயும் பாப்பார். இன்னொரு இடத்துல, புக்க எடுத்தா கொட்டாவி விடுவார், கண்ணக் கசக்குவார், இன்னும் எத்தன பக்கம் இருக்குன்னு எண்ணுவார், கடைசில புக்க மூடி தலைக்கு வச்சுத் தூங்கிருவார்னு எழுதியிருக்கார். போன் இல்லாத காலத்துல என்னையப் பத்தி எழுதி வச்சிருக்கான் மனுஷன். ஆக மனசு அலையுறது போன் கொண்டு வந்த வியாதி இல்ல. ஆனா அந்தத் துறவி ஜன்னல்ல எட்டிப் பாத்தா அங்க மணல் தான் இருக்கும். அலுத்துப் போயி திரும்பி வந்து உக்காந்திருவார், அதுக்கப்புறம் தான் ஜெபமே ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். என் ஜன்னல்ல மணல் வர்றதே இல்ல. ஒவ்வொரு தடவயும் புதுசா ஒருத்தன் டான்ஸ் ஆடுறான்.

இதுக்கு என்ன செஞ்சேன்னு கேட்டீங்கன்னா, பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு டைம்பீஸ் வாங்குனேன்.

ஆமிஷ் ஜனங்களப் பத்திப் படிச்சதுல வந்த யோசனை அது. அமெரிக்காவுல பென்சில்வேனியால குதிரை வண்டில போறவங்க, மெஷினையே வெறுக்குறவங்கன்னு தான் நான் நினைச்சிட்டு இருந்தேன். அப்படி இல்லையாம். ஒரு பொருள் வந்தா சபையா உக்காந்து பேசுவாங்க, இது வீட்டுக்குள்ள வந்தா நம்ம ஒருத்தர ஒருத்தர் போயிப் பாக்குறது குறையுமா கூடுமான்னு. டெலிபோன பல இடத்துல ஒரேயடியா வேண்டாம்னும் சொல்லல, வீட்டுக்குள்ள வேண்டாம்னாங்க. தோட்டத்து ஓரமா, ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மரக்கூண்டு, ரெண்டு மூணு குடும்பத்துக்கு ஒரு போன், டாக்டரக் கூப்பிடணும்னா நடந்து போயி பேசிட்டு வரணும். போன நான் பயன்படுத்துறேனா, போன் என்னையப் பயன்படுத்துதாங்கிறது அந்த நடைல இருக்கு.

நமக்கு ஏது தோட்டம், மேடவாக்கத்துல ரெண்டு பெட்ரூம் பிளாட். அதனால செருப்பு ஸ்டாண்டுக்கு மேல ஒரு பலகை அடிச்சு எல்லா சார்ஜரையும் அங்க மாத்துனோம். ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு போனும் அங்க போயிரணும். எதிர்ப்பு எல்லாம் ஒரே இடத்துல இருந்து தான் வந்துச்சு, "அப்போ அலாரம்?". என் வீட்டுக்காரர் அத ஒரு சட்ட நுணுக்கம் மாதிரி சொன்னார். தாம்பரம் மார்க்கெட்டுல 280 ரூபாய்க்கு டைம்பீஸ், டிக் டிக்னு சத்தம் போடுறது. அது வந்த பிறகு யாருக்கும் வாதம் இல்ல. முதல் வாரம் தூக்கமே வரல, நடு ராத்திரி எந்திரிச்சு தண்ணி குடிக்கிற சாக்குல செருப்பு ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன், ஒரு தடவ அங்கயே நின்னு இருபது நிமிஷம் பாத்திருக்கேன், காலுக்குக் கீழ செருப்பு வாடையோட. ஆபீஸ்ல இருந்து எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டிய ஆன்கால் டூட்டி வாரத்துல இந்தச் சட்டம் ரத்து, அதையும் மறைக்க வேண்டாம்.

பையன் ஆர்.சி. ஸ்கூல்ல ஏழாவது படிக்கிறான். 2025 செப்டம்பர்ல கார்லோ அகுடிஸ்னு ஒரு இத்தாலிப் பையனுக்கு புனிதர் பட்டம் குடுத்தாங்கல்ல, 2006ல 15 வயசுல ரத்தப் புற்றுநோய்ல இறந்த பையன், கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன், நற்கருணை அற்புதங்களப் பத்தி வெப்சைட் செஞ்சவன். அவன் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தான் வீடியோ கேம் ஆடுவான்னு அவங்க அம்மா சொல்லியிருக்காங்கன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. பையன் வந்து இத எங்கிட்ட முழுசா சொல்லிட்டு கடைசில சேத்துக்கிட்டான், "ஆனா அவருகிட்ட பிளேஸ்டேஷன் இருந்துச்சும்மா, எங்கிட்ட இல்ல". பதில் சொல்லத் தெரியாம தோசை சுடப் போயிட்டேன்.

இப்போ அடுத்தது ஏஐ. எங்க பெண்கள் ஐக்கியத்துல ஒரு அக்கா, துக்க வீட்டுல ஜெபிக்கணும்னு சொன்ன உடனே பாத்ரூம் போற மாதிரி போயி ஏஐகிட்ட ஜெபம் எழுதி வாங்கிட்டு வந்துட்டாங்க. தங்கு தடை இல்லாம, நாலு வசனத்தோட, அழகா இருந்துச்சு. எனக்கு அப்பா அடக்கத்துல எங்க ஊர் ஐயர் பண்ண ஜெபம் ஞாபகம் வந்துச்சு (எங்க பக்கம் ஆயர ஐயர்னு தான் சொல்லுவோம்). அவரும் அப்பாவும் ஒண்ணா படிச்சவங்க. "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சார், நின்னுட்டார், திரும்ப "ஆண்டவரே"ன்னார், அவ்வளவு தான், தொண்டைய அடைச்சிருச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு நேரா பரமண்டல ஜெபத்துக்குப் போயிட்டார். வாக்குக்கடங்காத பெருமூச்சுன்னு ரோமர் 8ல வருதே, அத அன்னைக்கு தான் காதால கேட்டேன். அந்த அக்காவ நான் குறை சொல்லல, பயத்துல செஞ்சாங்க. திக்கித் திணறுனா பரவாயில்லன்னு அவங்களுக்கு இத்தன வருஷமா யாரும் சொல்லல, அது சபையோட தப்பு, மெஷினோட தப்பு இல்ல.

அப்பாவோட பைபிள் இப்போ எங்கிட்ட இருக்கு. கருப்பு ரெக்சின் அட்டை, முதுகுப்பக்கம் இன்சுலேஷன் டேப் ஒட்டுனது, அவங்க எலக்ட்ரீசியன். ஒவ்வொரு அதிகாரத்து ஓரத்துலயும் வாசிச்ச தேதி பொடி எழுத்துல இருக்கு. நானும் ஒரு நாள் உக்காந்து வரிசையாப் பாத்துட்டே போனேன். யோபு 3ஆம் அதிகாரம், 14.11.98. அடுத்த தேதி யோபு 4, 6.6.99. நடுவுல ஏழு மாசம் ஒண்ணுமே இல்ல. அம்மாகிட்ட கேட்டேன். "மில்லு பூட்டுனாவளே, அப்போ"ன்னாங்க. வேலை போயி, எனக்கு ஃபீஸ் கட்ட வளையல வித்த வருஷம். அந்த ஏழு மாசம் அப்பா பைபிள் திறக்கல போல. இல்ல திறந்தாங்களோ, தேதி போடத் தோணலையோ. கோவத்துல இருந்தாங்களோ என்னமோ, யோபு 3ல நிறுத்துன ஆளு, அது தான் பிறந்த நாள யோபு சபிக்கிற அதிகாரம். அப்புறம் ஒரு ஜூன் மாசம் எந்திரிச்சு, விட்ட இடத்துல, நாலாம் அதிகாரத்துல இருந்து. ஆதியாகமத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கல. யாரும் அவங்கள 0க்கு கொண்டு போகல. அந்த இடைவெளி அங்கயே இருக்கு, ரெண்டு தேதிக்கும் நடுவுல அரை இஞ்சு வெள்ளைக் காகிதம்.

அந்த ஆப்ப நான் என் போன்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா அம்மா போன்ல நானே தான் போட்டுக் குடுத்தேன், நோட்டிபிகேஷன் எல்லாத்தையும் அமத்திட்டு. அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, ஒண்ணு ஆபரேஷன் ஆச்சு, பொடி எழுத்து வாசிக்க முடியல. ஆடியோ பைபிள் இருக்குன்னு காட்டுனேன், எங்க தட்டணும்னு பழக்குனேன். இப்போ காலைல அஞ்சு மணிக்கு செருப்பு ஸ்டாண்டுல இருந்து போன எடுத்துட்டு வந்து அரிசி டப்பா மேல சாச்சு வச்சிட்டு இட்லி ஊத்துறாங்க. ஒரு ஆம்பளக் குரல் தெளிவா வாசிச்சிட்டே போகும். நேத்து நான் தண்ணி குடிக்கப் போனப்போ லூக்கா பத்தாம் அதிகாரம் ஓடிட்டு இருந்துச்சு, "மார்த்தாளே, மார்த்தாளே"ன்னு வந்ததும் அம்மா மாவுக் கையோட முழங்கையால ஸ்க்ரீன இடிச்சு நிப்பாட்டுனாங்க. "கொஞ்சம் இரிங்க"ன்னாங்க, யாருகிட்டயோ. கரண்டி கையில அப்படியே இருக்கு, ஜன்னலப் பாத்துட்டு நிக்குறாங்க. நான் உள்ள போகாம கதவு பக்கமே நின்னேன். ரெண்டு நிமிஷம் இருக்கும், போன் தானா அணைஞ்சுது, அம்மா இன்னும் திரும்பல, இட்லிப் பானைல ஆவி கிளம்பிட்டு இருந்துச்சு.